பட்டாணியின் மூக்கு

பயப்படாதீங்க தம்பி, கடிக்காது. தாராளமா உக்காருங்க. கூடைய நான் மடியில வச்சுக்கிறேன். ஆமா, பூனைதான். ஆரப்பாளையத்துலயே கண்டக்டர் ஒரு பாட்டம் சண்டை போட்டு முடிச்சிட்டாரு, அதனால இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீங்க எங்க எறங்கணும்? தாராபுரமா? நான் கோயம்புத்தூர் வரைக்கும். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு.

மூக்கப் பாத்துட்டுத்தான் ஒதுங்குறீங்கன்னு தெரியுது. ஒட்டாது தம்பி. பூனைகிட்ட இருந்து மனுசனுக்கு வராதுன்னு டாக்டரம்மா ரெண்டு தடவ சொன்னாங்க. எனக்கே ஒட்டல, நான் அதோட ஒரே பாயில படுக்கிறவன். இந்த வீக்கம் இப்பப் பாதியாயிருச்சு. போன மாசம் பாத்திருக்கணும் நீங்க, மூக்குத் தண்டு கொழுக்கட்ட கணக்கா இருந்துச்சு. எடது கண்ணுதான் போச்சு. போனது போனதுதான்னுட்டாங்க.

பேரு பட்டாணி. நான் வைக்கல, எம் பொஞ்சாதி இந்திராணி வச்சது. நான் சோலைமலை. லேப் டெக்னீஷியனா முப்பத்தி நாலு வருசம். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வேணாம், கவருமெண்டு ஆஸ்பத்திரின்னு வச்சுக்கங்க. சளி டெஸ்ட்டு. டி.பி. இருக்கா இல்லையான்னு பாக்குறது. உங்க வீட்ல யாருக்காவது எப்பவாவது சளி எடுத்துக் குடுத்திருந்தீங்கன்னா, எங்கிட்ட வந்திருந்தாலும் வந்திருக்கும்.

அதுல ஒரு மொற இருக்கு தம்பி. கண்ணாடியில சளியத் தடவி, சாயம் ஊத்தி, சூடு காட்டி, கழுவி, நீலம் ஊத்திக் காய வச்சு, மைக்ராஸ்கோப்புல வைக்கணும். டி.பி. கிருமின்னா நீலத்துக்கு நடுவுல செவப்புக் குச்சியா நிக்கும். ஒரு குச்சி கண்ணுல பட்டாலும் விடக் கூடாது. ஒண்ணுமே இல்லன்னு எழுதணும்னா நூறு எடம் நகத்தி நகத்திப் பாக்கணும். நூறுன்னா நூறு. எத்தன பேரு அம்பதோட எந்திரிச்சு டீக்குடிக்கப் போயிருவான் தெரியுமா? நான் போக மாட்டேன். மேல இருந்து வந்து என் சிலைடுகளத் திரும்பப் பாப்பாங்க, ஒரு தப்பு கண்டுபிடிச்சதில்ல. ரிட்டையர்மெண்டு அன்னைக்கு மேடையில சொன்னாங்க, சோலைமலை கண்ணுக்குத் தப்பின குச்சி கெடையாதுன்னு. சால்வை போத்துனாங்க. அத இப்பப் பட்டாணிக்குத்தான் விரிச்சிருக்கேன், கூடைக்குள்ள பாருங்க.

எதுக்குச் சொல்றேன்னா, நான் ஒண்ணும் தெரியாத ஆளு இல்ல. அதுக்குத்தான்.

எம் பொண்ணு சுபாஷினி. கோயம்புத்தூர்ல பம்பு கம்பெனி ஆபீஸ்ல இருக்கா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பத்து மணிக்குப் போன் அடிக்கும், வீடியோ போனு. எடுத்த ஒடனே என்ன சொல்லுவான்னு நெனைக்கிறீங்க? "கேமராவப் பட்டாணி பக்கம் திருப்புங்கப்பா." அம்புட்டுதான். சாப்டீங்களா கெடையாது, மேலுக்கு எப்படி இருக்கு கெடையாது. நான் பின்பக்கக் கேமராவுக்கு மாத்திப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அவ "பட்டாணி, பட்டுக்குட்டி, இங்க பாரு"ன்னு கொஞ்சுவா. அஞ்சு நிமிசம், சில நாள் எட்டு நிமிசம் கூட வரும். எனக்கு அவ மூஞ்சி தெரியும். அவளுக்கு என் மூஞ்சி தெரியாது. அதுவும் ஒரு வசதிதான், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அப்படியே நிக்கலாம்.

கோவம் இல்லையான்னு கேக்குறீங்களா? இருக்காதா பின்ன? பெத்த அப்பன் ஒருத்தன் போனப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான், அவன ஒரு வார்த்த கேக்கணும்ல? ஆறு வருசமா இப்படித்தான். ஆனா ஞாயித்துக்கெழம காலையில ஒம்போதே முக்காலுக்கே போனத் தொடச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பட்டாணிய வெளிய விட மாட்டேன், அந்த நேரம் பாத்து எங்கயாவது போயிருச்சுன்னா? "இல்லம்மா, வெளிய போயிருக்கு"ன்னா "சரிப்பா, அடுத்த வாரம் பாக்குறேன்"னு வச்சிருவா. ஒரு தடவ அப்படி ஆயிருச்சு. அந்த வாரம் ரொம்ப நீளமான வாரம் தம்பி.

போன ஆனியில ஒரு நாள் அவதான் மொதல்ல சொன்னா, "அப்பா, அதுக்கு மூக்கு ஒரு பக்கமா வீங்குன மாதிரி இருக்கே. ஒரே தும்மலா வேற இருக்கு." நான் சொன்னேன், "பக்கத்துத் தெருக் கடுவனோட சண்ட போட்டுருச்சும்மா, நகம் பட்டிருக்கு." "டாக்டர்கிட்டக் காட்டுங்கப்பா." "முப்பத்தி நாலு வருசம் ஆஸ்பத்திரியில கெடந்தவன் நானு, எனக்கே சொல்லிக் குடுக்குறியா?" அவ வச்சுட்டா.

மருந்துக் கடையில மாத்திர வாங்கி மீனுக்குள்ள வச்சுக் குடுத்தேன். வேப்பல அரச்சுப் போட்டேன். ஏழு நாளு, பத்து நாளு, வீக்கம் அடங்கல. தோலு வெடிச்சுப் புண்ணாயிருச்சு. அப்பத்தான் நானே ஒரு முடிவுக்கு வந்தேன், சரி, நம்ம வேலைய நாமளே பாப்பம்னு. ரிட்டையர் ஆகும்போது பழைய மைக்ராஸ்கோப் ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். சாயப் பாட்டிலும் இருக்கு. எதுக்கு வாங்குனேங்கிறீங்களா? சும்மா இருக்கட்டுமேன்னுதான். எப்பயாவது வெங்காயத் தோலு, டேங்குத் தண்ணின்னு வச்சுப் பாத்துக்கிட்டிருப்பேன்.

புண்ணுல கண்ணாடிய ஒத்தி எடுத்து, மொறப்படி எல்லாம் செஞ்சு வச்சுப் பாத்தேன். நூறு எடம். சத்தியமா நூறு எடம் பாத்தேன் தம்பி. ஒரு குச்சி இல்ல. வட்ட வட்டமா என்னமோ கெடந்துச்சு, சுத்தி வெள்ளையா எடம் விட்டு. காத்துக் குமிழி. லென்சுக்கடியில எண்ணெ விடும்போது காத்து மாட்டிக்கிரும், அது எங்களுக்குச் சகஜம். குமிழியக் கண்டா அடுத்த எடத்துக்கு நகந்துரணும், அதுல நேரத்தப் போக்கக் கூடாது. வேலைக்குச் சேந்த மொத வாரமே எங்க சீனியர் சொல்லிக் குடுத்தது அது.

அதனால நான் எழுதிட்டேன். எங்கன்னு கேக்காதீங்க, காலண்டர்லதான். நெகட்டிவ்.

ஆனா மூக்கு கேக்கணும்ல? பெருசாயிக்கிட்டே போகுது. ஞாயித்துக்கெழம வந்தாப் பயமா இருக்கும். என்ன செஞ்சேன் தெரியுமா, நல்லா இருக்குற பக்கத்த மட்டும் காட்டுவேன். "நேராக் காட்டுங்கப்பா"ம்பா. "தூங்குதும்மா, எழுப்ப வேணாம்"பேன். ஒரு வாரம் பழைய வீடியோவ அனுப்பி விட்டுட்டு, சிக்னல் இல்லன்னு சொல்லிட்டேன். தப்புதான். எனக்குத் தெரியாமயா? மூக்கப் பாத்தா அவ பதறுவா, பதறினா என்னைய வைவா, வைஞ்சா வச்சிருவா. பூனை செத்துகித்துப் போச்சுன்னா? அப்புறம் ஞாயித்துக்கெழம எதுக்குப் போன் பண்ணப் போறா? நீங்களே சொல்லுங்க, எதுக்குப் பண்ணுவா?

மறைக்க முடியல. ஒரு ஞாயித்துக்கெழம அவ பேசிக்கிட்டு இருக்கும்போதே பட்டாணி திரும்பித் தும்முச்சு, ரத்தம் தெறிச்சுப் போன் மேலயே விழுந்துச்சு. அப்புறம் சொன்னா, "நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டலன்னா இனிமே நான் போனே பண்ண மாட்டேன்."

மறுநாள் காலையில மொத ஆளா மாட்டாஸ்பத்திரியில நிக்கிறேன். எனக்கு முன்னாடி ஒரு ஆடும், கழுத்துல கட்டி வந்த ஒரு நாயும். அவ்வளவுதான்.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு. எஞ் சுபாவ விடச் சின்னது. பேரு யாழினி. நான் போன ஒடனேயே சொல்லிட்டேன், "பாருங்கம்மா, நான் இந்தத் துறையில முப்பத்தி நாலு வருசம். சிலைடு எடுத்துப் பாத்தாச்சு. கிருமி இல்ல, ஃபங்கஸ் இல்ல, சுத்தமா இருக்கு. சண்டையில வந்த காயந்தான், ஆறாம இழுக்குது." சிலைடையும் பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போயிருந்தேன். அந்தப் பொண்ணு சிரிக்கல, கேலி பண்ணல. "குடுங்க சார், பாப்போம்"னு வாங்கி வச்சுக் குனிஞ்சுச்சு. ரொம்ப நேரம் நிமிரவே இல்ல. எனக்குள்ள ஒரு பெருமை, எவ்வளவு சுத்தமா சாயம் போட்டிருக்கோம்னு பாக்குது போலன்னு.

அப்புறம், "சார், இங்க வந்து பாருங்களேன்"ன்னுச்சு.

பாத்தேன். "காத்துக் குமிழிம்மா"ன்னேன்.

"குமிழி மொட்டு விடுமா சார்?"

திரும்பப் பாத்தேன் தம்பி. ஒரு வட்டத்தோட இடுப்புல இருந்து இன்னொரு குட்டி வட்டம் மொளச்சு நிக்குது. அதுக்குப் பக்கத்துலயும் ஒண்ணு. அதுக்குப் பக்கத்துலயும். காத்து எங்கயாவது குட்டி போடுமா? என் கையில செஞ்ச சிலைடு. நான் நூறு எடம் பாத்த சிலைடு.

"இன்னொரு டெஸ்ட்டு பண்ணா உறுதியாயிரும் சார், படம் வரையிற கருப்பு மை வேணும், இங்க தீந்து போச்சு"ன்னுச்சு. நானே வெளிய ஓடுனேன். பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல ஒரு கடை. "எத்தனாங் கிளாஸ் பிள்ளைக்குங்கய்யா?"ங்கிறான் கடைக்காரன். "பூனைக்கு"ன்னேன். அவன் என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டுக் குடுத்தான்.

மூக்குல ஊசி போட்டுத் துளி எடுத்து, அதுல ஒரு சொட்டு மை. எங்க வேலையில கெடையாது அது. எல்லாம் கருப்பாயிருச்சு, அந்த வட்டங்க மட்டும் வெள்ளையாத் தனிச்சு நிக்குதுக. மை உள்ள போக முடியல, அதுகளச் சுத்திக் கொழகொழன்னு ஒரு ஒறை இருக்காம். நான் குமிழின்னு நெனச்ச வெள்ளை அந்த ஒறைதான். "இது அபூர்வமான ஃபங்கஸ் சார். நானே படிக்கும்போது பாத்தது, நேர்ல இப்பத்தான் ரெண்டாவது தடவ"ன்னுச்சு. பேரும் சொல்லுச்சு, என் வாயில நொழையல.

"பூனை போற எடத்துல புறா இருக்கா சார்?"ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்ல? இந்திராணி போனதுல இருந்து தெனமும் காலையில மொட்ட மாடியில ரெண்டு கை கம்பு எறைக்கிறவன் நானு. தண்ணி டேங்குக்கு அடியில பூராம் புறா. அதுக்கடியிலதான் பட்டாணி போய்ப் படுக்கும், நெழல் இருக்கும்ல. புறா எச்சம் காஞ்சு தூளாகி, அதுல இது வளருமாம், மூச்சுல உள்ள போயிருமாம். இப்பக் கம்பு போடுறதில்ல. அதுக இன்னும் வந்து கைப்பிடிச் சொவத்துல உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருக்குதுக.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தாக் கண்ணு தப்பியிருக்கும் சார். இப்பவும் உசுருக்குப் போராடிப் பாக்கலாம். ஆறு மாசமாவது மாத்திர விடாமக் குடுக்கணும்"னு சொல்லி அனுப்புச்சு. குடுத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒரு வேள விடல. சாப்பிடுது, பாருங்க, ஒடம்பு கொஞ்சம் தேறியிருக்கு.

அன்னைக்குச் சாயங்காலமே சுபாவுக்கு நானே போன் போட்டேன். ஞாயித்துக்கெழம இல்லாம நான் போட்டது அதுதான் மொத தடவ. எடுத்தா, "பட்டாணிக்கு என்னாச்சு?"ன்னா. எல்லாத்தையும் சொன்னேன். ஒளிக்கல. சிலைடு எடுத்தது, நூறு எடம் பாத்தது, குமிழின்னு விட்டது, எல்லாம். "கண்ணுல பாத்தீங்களாப்பா?"ன்னா. "பாத்தேன்மா. பாத்துட்டுத்தான் விட்டேன்"னேன். பின்னாடி ஏதோ மிஷின் ஓடுற சத்தம், ஆபீஸ் போல. அப்புறம் கேட்டா:

"அம்மா சிலைடுல என்னப்பா இருந்துச்சு?"

உங்களுக்கு அது சொல்லலைல? எம் பொஞ்சாதி இந்திராணிக்கு இருமலு. மூணு மாசமா. எம் பொஞ்சாதி சளிய எவங்கிட்டயோ குடுப்பனா? நானே எடுத்துட்டுப் போயி நானே பாத்தேன், மூணு நாளு மூணு சிலைடு. டி.பி. இல்ல. நான் சொன்னது தப்பில்ல தம்பி, அத நல்லா மனசுல வச்சுக்கங்க, இன்னைக்கும் அந்த ரெஜிஸ்டரப் பொரட்டிப் பாத்தாலும் சரியாத்தான் இருக்கும். அவளுக்கு டி.பி. கெடையாது. இருந்தது வேற. நொரையீரல்ல புத்து. கண்டுபிடிக்கும்போது முதுகெலும்பு வரைக்கும் போயிருச்சு. கடேசி நாலு மாசம் கட்டில்ல கெடந்தப்பதான் இந்தக் குட்டி சன்னல் வழியா உள்ள வந்துச்சு, பட்டாணி மாதிரி இருக்குன்னு அவ பேரு வச்சா. ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சு சுபா எங்கிட்டக் கேட்டா, "நீங்க தேடுனது இல்லன்னா ஒண்ணுமே இல்லன்னு எப்படிப்பா சொன்னீங்க?" அதுதான் அவ எங்கிட்டக் கடேசியாப் பேசுன பேச்சு. மத்ததெல்லாம் பூனையப் பத்தித்தான்.

இப்ப மறுபடியும் கேக்குறா, அம்மா சிலைடுல என்ன இருந்துச்சுன்னு.

"ஞாபகம் இல்லம்மா"ன்னேன்.

"சரிப்பா. பட்டாணிக்கு மூக்கு கொஞ்சம் வத்துனதும் இங்க கொண்டு வந்துருங்க. இனிமே நானே பாத்துக்கிறேன்"னா.

அதுதான் இந்தப் பயணம். பன்னெண்டரைக்கு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துர்றா. ஆபீஸ்ல ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டிருக்கா. வீடு எங்கயோ மாடியிலயாம், எத்தனாவது மாடின்னு கேட்டுக்கல. எனக்குத் திரும்புறதுக்கு ஒன்றரைக்கு மதுர பஸ் இருக்குன்னு அவளே விசாரிச்சு வச்சுட்டா. அலைய வேணாம் பாருங்க, அப்பனுக்கு வயசாச்சுன்னு ஒரு இது. பாசக்காரப் புள்ளதான். வெளிய காட்டிக்கத் தெரியாது.

மாத்திரையெல்லாம் காலைக்கு, ராத்திரிக்குன்னு தனித்தனியாக் கட்டி எழுதியிருக்கேன். எப்படி வாயத் தொறக்கணும், நாக்குக்குப் பின்னாடி வைக்கணும், தொண்டையத் தடவி விடணும், எல்லாம் எழுதியிருக்கேன். பேசி நேரத்த வீணாக்க வேணாம் பாருங்க, அவளுக்கு ஆபீஸ் இருக்கு.

தாராபுரம் வந்துருச்சா? ஊருக்குள்ள நொழையிது போல. பைய எடுத்துக்கங்க. நீங்க எறங்கப் போறவரு, இனிமே ஒங்கள எங்க பாக்கப் போறேன்? சொல்லிர்றேன்.

ஞாபகம் இருக்கு தம்பி. ஞாபகம் இல்லாம என்ன? இந்திராணி சிலைடுல நூறு இல்ல, முந்நூறு எடம் பாத்தேன். குச்சி வந்துரக் கூடாது வந்துரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே பாத்தேன். நீல நெறத்துல பெருசு பெருசாச் செல்லு, கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு, நடுவுல கருக்குன்னு. மூணு சிலைடுலயும் இருந்துச்சு. இதென்ன இம்புட்டுப் பெருசா இருக்குன்னு நெனச்சேன். நெனச்சேன் தம்பி, அதான். ஃபார்ம்ல ரெண்டே கட்டம், பாசிட்டிவ், நெகட்டிவ். இதுக்குக் கட்டம் இல்ல. டாக்டர்கிட்டப் போயி, "சார், ஒரு நிமிசம் வந்து பாருங்க"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நாலு எட்டு வச்சா அவரு ரூமு. போகல. குச்சி இல்லைங்கிற சந்தோஷம். அன்னைக்குச் சாயந்தரம் பரோட்டா வாங்கிட்டுப் போனேன், அவளுக்குப் பிடிக்கும்னு. இருமிக்கிட்டே ரெண்டு தின்னா.

யாருகிட்டயும் சொன்னதில்ல.

பொண்ணுகிட்டயா? சொல்லுங்க சொல்லுங்கன்னு ஈசியாச் சொல்லிட்டீங்க. சொன்னா அதுக்கப்புறம்? இந்த ஞாயித்துக்கெழமையில இருந்து போன் வராதுல்ல, பூனைதான் அங்க இருக்கே. இனிமே நாந்தான் போடணும். பத்து மணிக்குப் போட்டு, பட்டாணி எப்படி இருக்கும்மான்னு கேப்பேன். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். மாத்திர குடுத்தியா, மூக்கு எப்படி இருக்கு, அம்புட்டுதான். பூனைக்காகவாவது எடுப்பால்ல?

எறங்குங்க தம்பி, வண்டி நின்னுருச்சு. எடுப்பால்ல?